அளவுச் சட்டை

1

இந்தக் கதை ஒரு பஸ்ஸில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஹவத்தையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ். மூன்று பேர் அமரும் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். மிச்ச இடத்தின் அருகே ஒல்லியான ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நங்கி, வாடிவென்ன" என்று கண்டக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் அந்த இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத் தலையாட்டினாள்.

"வேணாங்க. எனக்கு அந்த எடம் பத்தாது."

தமிழ் தெரிந்த எல்லோரும் சிரித்தோம். அந்த இடத்தில் அவளைப் போல இரண்டு பேர் உட்காரலாம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இரத்தினபுரி வரை நின்றுகொண்டே வந்தாள்.

நான் எட்டாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் பாடசாலைக் காரியாலயத்தில் கிருஷ்ணகுமாரியிடம் இதைச் சொன்னேன். எங்கள் காரியாலயத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறவள் அவள். மெலிந்த பிள்ளை.

"அது ஜோக் இல்லக்கா" என்றாள். "அந்தப் புள்ளைக்கு நெசமாவே அந்த எடம் பத்தாதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"அது எப்படிடி தெரியும்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். எங்களிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால் கொழும்பில் உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள் அவள். எனக்குத் தெரியாது. பாடசாலையில் யாருக்கும் தெரியாது.

"எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"என் கதைய எழுதாதீங்க. வேற ஒருத்தி கதைய எழுதுங்க. ஆனா பொய் எழுதாதீங்க."

இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கிருஷ்ணகுமாரி என்பதும் அவளுடைய உண்மைப் பெயரில்லை. தேயிலையை ரப்பர் ஆக்கினேன். இரத்தினபுரியைக் கேகாலை ஆக்கினேன். கோவிலைத் தேவாலயம் ஆக்கினேன். இப்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். [நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.]

2

தொடக்கம் ஒன்று: நிருஷா கண்ணாடி முன்னால் நின்று தன் உடலை —

இதைக் கிருஷ்ணகுமாரியிடம் காட்டினேன். "கண்ணாடி முன்னால அவ எதுக்குக்கா நிக்கிறா?" என்றாள். "நிக்க மாட்டா. எங்க வீட்டுக் கண்ணாடி முகத்துக்கு மட்டும்தான். கழுத்துக்குக் கீழ தெரிஞ்சா பொட்டு வைக்கிற கை நின்னுரும்." விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர்த் தோட்டத்தில் மழை —

எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது. விட்டுவிட்டேன்.

தொடக்கம் மூன்று: நிருஷாவின் கல்யாண அறிக்கையைத் தேவாலயத்தில் முதல் தடவை வாசித்தபோது, அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

இது நிற்கட்டும். அறிக்கை என்றால் என்ன என்பதை வேதக்காரர் அல்லாதவர்களுக்காகச் சொல்லவேண்டும். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தன்னிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். தடை என்று திருச்சபை சொல்வது வேறு கல்யாணம், நெருங்கிய உறவு மாதிரியான விஷயங்களை. வயிற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இதை நிருஷா அறிவாள். அறிந்தும் வியர்த்தது.

நிருஷாவுக்கு முப்பத்தொரு வயது. கரவனெல்லை ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு அவள்தான் பொறுப்பு. பால் வெட்டப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அம்மா இறந்து வெகுகாலம். அப்பா செபஸ்ரியன் தோட்டத்தில் காவல்காரர். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவள் கொழும்புக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தாள். பித்தப்பையில் கல் என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லிவைத்தார்கள். பிறகு அவள் மெலிய மெலிய, சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று லயமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவள் மறுக்கவில்லை.

எட்வின் குருவிட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். திருநாள் ஒன்றில் அவளைப் பார்த்தான். அவன் பார்த்தது மெலிந்த நிருஷாவை. அவனுக்கு வேறு நிருஷா தெரியாது.

ஆகவே கதையின் கேள்வி இதுதான், ஒளித்துவைக்கத் தேவையில்லை: மூன்றாவது அறிக்கைக்கு முன்னால் அவள் அவனிடம் சொல்வாளா?

3

கதையை நிறுத்தி இதை விளக்கவேண்டும். விளக்காமல் போனால் நிருஷா செய்யப்போகும் பிழை முட்டாள்தனமாகத் தெரியும்.

நம் இரைப்பை ஒரு பை. இந்தச் சத்திரசிகிச்சையில் அதன் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குழாய். கதலி வாழைப்பழம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள், அவ்வளவுதான். பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் உண்டாகிறது. எனவே இடமும் குறைகிறது, பசியும் குறைகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! [அழகான என்ற சொல்லைக் கிருஷ்ணகுமாரி பென்சிலால் சுழித்தாள். நான் அழிக்கவில்லை. அவள் சுழித்ததும் இருக்கட்டும், சொல்லும் இருக்கட்டும்.]

அதன் பிறகுள்ள வாழ்க்கைக்கு விதிகள் உண்டு. சோற்றோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. மெல்ல மென்று தின்னவேண்டும். ஆயுள் முழுவதும் விற்றமின் மாத்திரை. சிலருக்கு, இனிப்பை வேகமாகத் தின்றால் அது குழாய் வழியே சரசரவென்று குடலுக்கு இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், படுக்கவேண்டும் போலிருக்கும். முதலாம் இரண்டாம் வருடம் எடை இறங்கும். பிறகு நிற்கும். பிறகு பலருக்குக் கொஞ்சம் ஏறும். அந்தக் கொஞ்சம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயம் இங்கேதான் குடியிருக்கிறது.

தோலைப் பற்றியும் சொல்லவேண்டும். ரப்பர் நாட்டில் இதைச் சொல்வது சுலபம். கடையில் வாங்கும் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும், ஏனென்றால் அது கந்தகம் சேர்த்துச் சூடாக்கியது. பால் உறையவைத்துக் காயப்போட்ட பச்சை ரப்பர்த் துண்டை நெடுநாள் இழுத்து வைத்திருந்துவிட்டு விட்டுப்பாருங்கள். முழுதாகத் திரும்பாது. நெடுங்காலம் விரிந்த தோல் இரண்டாவது வகை.

"அத இப்படி எழுதுங்கக்கா" என்றாள் கிருஷ்ணகுமாரி. "காலையில ரெண்டு கையாலயும் அள்ளி, மடிச்சு, பாவாடைக்குள்ள சொருகி, நாடாவ இறுக்கிக் கட்டணும். வெயில் காலத்துல மடிப்புக்குள்ள வெந்து போயிரும். பவுடர் போடணும். வெளியில பாக்கிறவங்க, ஐயோ என்ன ஒல்லிம்பாங்க."

கடைசியாக மூளை. உடம்பைப் பற்றிய ஒரு படத்தை மூளை வைத்திருக்கிறது. வாசலில் எப்படி நுழைவது, எந்த நாற்காலி தாங்கும் என்பதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. உடம்பு ஒரு வருடத்தில் மாறினால், படம் மாற எத்தனை வருடம் ஆகும்?

"வயிறு சின்னதாயிருச்சு" என்றாள். "மனசுல உள்ள வயிறு அப்படியே இருக்கு."

என்னிடம் விளக்கம் இருந்தது. அவளிடம் இந்த வாக்கியம் இருந்தது.

4

இனிக் கதை.

முதல் அறிக்கைக்கு முந்திய வாரம் நிருஷாவும் அப்பாவும் குருவிட்டைக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். எட்வினின் அம்மா பிலோமினம்மா நிருஷாவின் தட்டில் சோற்றைக் குவித்தார். நிருஷா நாலு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை விரலால் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கோழி கொத்துற மாதிரி கொத்துற? எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலயா?"

"ஐயோ இல்லங்க அத்த. நல்லா இருக்கு. காலையில கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டேன்."

"ஒல்லியாவே இருக்கணும்னு பாக்கிறாம்மா" என்றான் எட்வின். "விடுங்க. நம்ம கிரேஸ் சித்தி மாதிரி ஆனா என்ன செய்யிறது? அவங்க ஏறினா திரீவீல் ஒரு பக்கம் படுத்துரும். போன கிறிஸ்மஸுக்கு டிரைவர், 'அக்கே, மெத்தட்ட வாடிவென்ன'ங்கிறாரு, நடுவுல உக்காரச் சொல்லி!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நிருஷா பலமாகச் சிரித்தாள்.

[இந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். கிருஷ்ணகுமாரி, "வேணாம். சிரிச்சான்னா போதும். எங்களுக்குப் புரியும்" என்றாள்.]

எட்வின் கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாகிவிடும். அவள் அவனை விட்டுவிடலாம், நாமும் வீட்டுக்குப் போகலாம். அவன் கடை மூடியதும் போன் எடுத்து, மடுவத்துப் பிள்ளைகளில் யார் யாரைக் கடித்தது என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறவன். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பயம்.

முதல் அறிக்கை நாளில் எட்வின் கரவனெல்லைக்கு வந்திருந்தான். போகும்போது, "அம்மா அளவுச் சட்டை கேட்டாங்க" என்றான். கல்யாணச் சேலையும் சட்டையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. சட்டை தைக்கப் பெண்ணின் உடம்பை யாரும் அளப்பதில்லை. அவளுக்குச் சரியாகப் பொருந்தும் சேலைச் சட்டை ஒன்றை வாங்கிப்போய், அதைப் பார்த்துத் தையற்காரர் வெட்டுவார். சுலபமான, நம்பகமான முறை. ஒரே ஒரு நிபந்தனை, பெண் தன் அளவை அறிந்திருக்கவேண்டும்.

நிருஷா அலுமாரியைத் திறந்தாள். சட்டைகள் அடுக்கியிருந்தன. புதியவையும் இருந்தன, பழையவையும் இருந்தன. பழையவற்றை அவள் எறியவில்லை. எடை திரும்பி வந்தால் உடுக்க ஒன்றும் இல்லாமல் போய்விடுமே என்று வைத்திருந்தாள். வாசலில் எட்வின் அப்பாவோடு பேசிக்கொண்டு நின்றான். போட்டுப் பார்க்க நேரம் இருந்தது. போட்டுப் பார்த்தால் ஏற்கனவே போட்டிருப்பதைக் கழற்றவேண்டும், கழற்றினால் குனிந்து பார்க்கவேண்டும். அவள் கண்ணாலேயே பார்த்தாள். சின்னதை எடுத்தாள். இது எனக்கு ஏறாது என்று தோன்றியது. வைத்துவிட்டாள். சந்தன நிறத்தில் ஒன்று சரியாக இருக்கும் போலத் தெரிந்தது. கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

5

இரண்டாம் நாள் பிலோமினம்மாவின் போன் வந்தது.

"நிருஷா, சட்டையப் பாத்தேன். இது யாரோடதும்மா? ரெண்டு கக்கத்திலயும் ஒட்டுப் போட்டு அகலமாக்கியிருக்கு. இதுக்குள்ள உன்ன மாதிரி ரெண்டு பேரு நிக்கலாம்."

நிருஷா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

இங்கே நான் பல நாள் நின்றேன். பதில் ஒன்று: "என்னோடதுதாங்க அத்த" என்று அவள் —

முடியாது. அவள் தயாராக இல்லை. எழுதுகிறவளுக்கு அவசரம் என்பதற்காக ஒருத்தியைப் பேசவைக்கக்கூடாது.

பதில் இரண்டு: போனை வைத்துவிட்டு —

அதுவும் இல்லை. பிலோமினம்மாவே வழி செய்து கொடுத்தார். நல்ல மனிதர்கள் சில நேரம் பொய்யைக் கையில் வைத்துத் தருவார்கள்.

"ஒங்கம்மாவோட சட்டையாம்மா?"

"ஆமாங்க அத்த" என்றாள் நிருஷா. "அம்மாவோடது. மாறி வந்துருச்சு."

பிலோமினம்மாவின் குரல் உடைந்து வந்தது.

"மாறி வரலம்மா. ஒங்கம்மா வந்திருக்காங்க. பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருப்பாங்களா? நீ வேற சட்டை அனுப்பு. இத வச்சி நான் ஒண்ணு செய்யிறேன்."

நிருஷா வேறு சட்டை அனுப்பினாள். இந்தத் தடவை கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

பொய் எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்க ஆசையாக இருக்கிறது. சொன்னவளின் கையை விட்டுப் போனதும் அதற்கு வேறு சொந்தக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் அதைக் கழுவி, உலர்த்தி, மடித்து வைக்கிறார்கள். திருப்பிக் கேட்க முடிவதில்லை.

6

இரண்டாவது அறிக்கை முடிந்த மாலை எட்வின் போனில் சொன்னான்.

"அம்மா என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா? ஒங்கம்மா சட்டைய வெட்டி, கல்யாணச் சட்டைக்கு உள் துணியா வச்சித் தைக்கச் சொல்லிட்டாங்க. தெருவுல உள்ள அவ்வளவு பேருக்கும் சொல்லியாச்சு. கிரேஸ் சித்தி அழுதுட்டாங்க. அம்மா கட்டிப் புடிச்ச மாதிரி இருக்குமாம் ஒங்களுக்கு."

நிருஷாவின் நெஞ்சு படபடத்தது. இனிப்பு ஒன்றும் தின்றிருக்கவில்லை.

எந்த உடம்பை மறைக்க அவள் நான்கு வருடமாக நாடாவை இறுக்கிக் கட்டினாளோ, அந்த உடம்பின் துணி அவள் தோலை ஒட்டிக்கொண்டு பீடத்துக்கு வரப்போகிறது. சுவாமியார் அதை ஆசீர்வதிப்பார். ஊர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கும். அது அவளுடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

[கிருஷ்ணகுமாரி இந்த இடத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "பாவம்கா, அந்தச் சட்டை" என்றாள். நான் நிருஷாவைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சட்டையைப் பற்றி, அதை ஒரு காலத்தில் போட்டிருந்தவளைப் பற்றி, யோசிக்கவில்லை. அவளும் இறந்துபோனவளாக ஆக்கப்பட்டுவிட்டாள்.]

அந்த வாரம் முழுவதும் நிருஷா சொல்ல முயன்றாள். "எட்வின், ஒண்ணு சொல்லணும்" என்பாள். "சொல்லுங்க" என்பான். "மடுவத்துல இன்னைக்கி..." என்று வேறு எதையோ சொல்வாள். ஒவ்வொரு தடவையும் திரீவீல் ஒரு பக்கம் படுத்தது அவள் காதில் கேட்டது.

7

மூன்றாவது அறிக்கைக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், எட்வின் தைத்த சட்டையைக் கொண்டுவந்தான். வெள்ளைச் சட்டை. உள்ளே சந்தன நிறம். செபஸ்ரியன் தின்பண்டம் வாங்கிவைத்திருந்தார். கல்யாண மண்டபத்தில் நிருஷாவின் அம்மா படத்துக்கு மாலை போட்டு வைக்கவேண்டும், படம் இருந்தால் தாருங்கள், பெரிதாக்குவோம் என்று எட்வின் கேட்டான்.

மனைவியின் படத்தைச் செபஸ்ரியன் சுவரில் மாட்டவில்லை. பார்த்தால் மனசு சரியில்லாமல் போகிறது என்று பெட்டிக்குள் வைத்திருந்தார். இப்போது சந்தோஷமாகப் போய் எடுத்துவந்தார். சட்டை விஷயம் அவருக்குத் தெரியாது. நிருஷா அவரிடம் சொல்லவில்லை.

"பாருங்க தம்பி. எங்க ஆளு."

எட்வின் பார்த்தான்.

"நெத்திலிக் கருவாடும்போம் அவளை" என்றார் செபஸ்ரியன். "காத்தடிச்சா மலையில புடிச்சுக்கிட்டு நிக்கணும். அவ அக்காவோட சட்டைய ரெண்டா மடிச்சுத் தைச்சுத்தான் போடுவா. என்னா வேலை செய்வா தெரியுங்களா... இருங்க, பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாறேன்."

அவர் அடுப்படிக்குப் போனார்.

எட்வினின் ஒரு கையில் படம். மடியில் சட்டை. அவன் படத்தைப் பார்த்தான். சட்டையின் உள் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நிருஷா... இது அம்மாவோட சட்டைன்னுதானே..."

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நிருஷா, "அது பெரியம்மாவோடதா இருக்கும், மாறிருச்சு" என்கிறாள். எட்வின் நம்பிவிடுகிறான். கல்யாணம் நடக்கிறது. ஒரு பொய்க்கு ஒட்டுப் போட்டால் அது அகலமாகும். நாளை பெரியம்மாவின் படத்தைக் கேட்பார்கள்.

இரண்டாவதில் அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். எட்வின் அவள் கையைப் பிடித்து —

"சினிமா" என்றாள் கிருஷ்ணகுமாரி.

மூன்றாவதில் அவள் சொல்கிறாள். எட்வின் தேநீர் குடிக்காமல் எழுந்து போகிறான்.

இதையும் கிருஷ்ணகுமாரி வாசித்தாள். தாள்களைத் தட்டி ஒன்றாக அடுக்கினாள்.

"இதுவும் சினிமாவா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இது நடக்கும். ஆனா எங்கயாவது ஒருத்தி, நாளைக்கிச் சொல்லிடலாம்னு இருக்கிறவ, இன்னைக்கி இத வாசிச்சான்னா?"

"அப்ப ரெண்டாவத வைக்கவா?"

"அத வாசிச்சிட்டுப் போய்ச் சொல்லி, அவன் எழும்பிப் போனான்னா? நீங்களா போய்ப் பதில் சொல்லுவீங்க?"

எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாத ஒரு பொருளின் முன்னால் நின்றேன். முதல் முடிவைக் கிழித்தேன். அது மட்டும் நிச்சயம், நிருஷா இனிப் பொய் சொல்லப்போவதில்லை. நான் பேசவைக்கவில்லை. அம்மாவின் படத்தை அவன் கையில் பார்த்ததும், தன் அம்மாவை வேறு உடம்புக்குள் அடைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மற்ற வெட்கத்தைத் தள்ளிவிட்டது.

"அது என் சட்டைங்க" என்றாள். "அம்மாவோடது இல்ல. நான் போட்டது. கக்கத்துல ஒட்டுப் போட்டதும் நான்தான். அப்பவும் இறுக்கமாத்தான் இருந்துச்சு."

எட்வின் மடியிலிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"பித்தப்பையில கல்லுன்னு சொன்னதும் பொய். கொழும்புல வயித்த வெட்டி எடுத்தாங்க. தோலு இன்னும் தொங்குது. எடை திரும்பியும் வரலாம், வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கிரேஸ் சித்தியப் பத்தி நீங்க சொன்னப்ப நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. நாளைக்கி வாசிக்கிறதா வேணாமாங்கிறத நீங்க சொல்லுங்க."

அடுப்படியில் செபஸ்ரியன் கோப்பைகளைக் கழுவும் சத்தம்.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். "ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், வச்சிக்கங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி, தாள்களைத் திருப்பித் தரும்போது. "இதக் கேட்ட ஒடனே எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு எங்களுக்குக் கவலையில்லக்கா. நல்லதா ஏதாச்சும் சொல்லிருவாங்க. அதுக்கு முன்னால ஒரு நொடி இருக்கு. அந்த நொடியில எல்லாரும் வயித்தப் பாப்பாங்க. முகத்தப் பாத்தவங்க ரொம்பக் கொஞ்சம்."

எட்வின் தலையை நிமிர்த்துகிறான். அவன் என்ன பதில் சொல்வான் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லுக்கு முன்னால் கண் போகும் அல்லவா, அந்தக் கண்ணைத்தான் உங்களிடம் தருகிறேன். சட்டை உங்கள் மடியில் இருக்கிறது. நிருஷா உங்களுக்கு நேர் எதிரே நிற்கிறாள்.

பாருங்கள்.